தடித்த கம்பி எந்தப் பக்கம்?

ஜூன் 4

அன்புள்ள குருவிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால், பாதி சண்டை தீர்ந்தது என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம். அதனால்தான் கடிதம். போன தடவை நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன வேகத்தில் கொக்கி கழன்று விழுந்தது. இன்னும் மாட்டவில்லை. மாட்டத் தெரிந்த ஆள் கட்டிலில் இருக்கிறார்.

உன் அண்ணன் நீ பார்த்துவிட்டுப் போன மாதிரியேதான். வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பக்கவாதம் வந்த அன்று போன பேச்சில் திரும்பி வந்தது ஒரே ஒரு சொல்தான், 'இல்ல'. காபி வேண்டுமா என்றால் இல்ல. ஜன்னலைத் திறக்கட்டுமா என்றாலும் இல்ல. ஆனால் காபியைக் கொடுத்தால் குடிக்கிறார். லிப்ட் ரிப்பேர் பார்த்து ஊரையெல்லாம் மாடி ஏற்றிவிட்ட மனிதர், வாசல் வரைக்கும் வர மாட்டேன் என்கிறார். பிசியோ பெண் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

அந்தப் பெண்தான் கேட்டாள். "இவருக்கு முன்னாடி எதுல ரொம்ப ஆசைம்மா? அதை எடுத்துக் கண் முன்னாடி வைங்க." எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. வேலை, செய்தித்தாள், தூக்கம். இதில் எதைக் கண் முன்னால் வைப்பது? அப்புறம்தான் அலமாரி மேலே இருக்கும் பெட்டி ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கிட்டார் வாசிப்பார் என்று உங்கள் வீட்டில் யாரோ சொன்னார்கள். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்பார். நானும் விட்டுவிட்டேன்.

பெட்டியை இறக்கித் துடைத்து, கட்டிலுக்கு எதிரே வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, மருந்துக்கடைக்கு மேல் மாடியில் நடக்கிற கிட்டார் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. ஐம்பதைத் தொடப்போகிற தையல்காரி ஒருத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில். டீச்சருக்கே என் வயதில் பாதி இருக்காது. "ஆன்ட்டி, தோளைத் தளர்த்துங்க, சண்டைக்கா போறீங்க?" என்கிறாள்.

ஒன்றே ஒன்று சொல். அவர் என்ன வாசிப்பார்? பிடித்து வாசித்தாரா, பிடிக்காமல் விட்டாரா? எதுவும் தெரியாமல் இருட்டில் ஊசி கோக்கிற மாதிரி இருக்கிறது.

அண்ணி


ஜூன் 13

அண்ணி,

கிழிக்கவில்லை.

கிட்டாரா? சரியாகத்தான் படித்தேனா என்று திரும்பவும் படித்தேன். என்னிடம் கார் ஓட்டப் பழக வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் வயசுதான். பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியாமல் கண் கலங்குவார்கள். அவர்களிடம் நான் பொறுமையாகத்தான் இருக்கிறேன். ஏனென்றால் அவர்கள் கையில் என் அண்ணன் இல்லை.

நேரடியாகவே சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பேச்சுப் பயிற்சி, கைப் பயிற்சி, நடைப் பயிற்சி. ஆகஸ்டில் ஒரு படுக்கை காலியாகிறது. அண்ணன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் கொடுத்தேன், கோபப்படுங்கள். தேற எத்தனை மாதம் ஆகும், திரும்பி வருவானா என்றெல்லாம் அவர்களாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் நீங்கள் கடையில் யாருடைய பேண்டையோ குட்டையாக்கிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவனைக் கேளுங்கள். எங்கே இருக்க ஆசை என்று நாம் யாராவது ஒரு தடவையாவது அவனைக் கேட்டோமா?

அவன் என்ன வாசித்தான் என்று எனக்கு என்ன தெரியும்? மொட்டைமாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பான். யாரையும் விடமாட்டான். என்னை மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்து வாசற்படியில் உட்காரவிடுவான், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. குருவி என்று பெயர் வைத்ததும் அவன்தான், கத்தாதே என்று சொன்னதும் அவன்தான். வேலை கிடைத்ததும் பெட்டியில் போட்டுப் பூட்டினான். ஏன்டா என்றேன். என்னைப் பார்த்தான். பிடிக்காமல் விட்டவன் முகம் அப்படி இருக்காது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கொக்கிக்கு மன்னிப்பெல்லாம் கேட்க முடியாது.

குருவி


ஜூன் 25

அன்புள்ள குருவிக்கு,

நீ சொன்னபடி கேட்டேன். "குருவி ஊருக்குப் போறீங்களா?" "இல்ல." எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. மாற்றியும் கேட்டேன். "அப்ப இங்கயே இருக்கீங்களா?" "இல்ல." இப்போது நீயே சொல், இதில் எந்த 'இல்ல'வை நான் எடுத்துக்கொள்வது?

கிட்டார் கதை அதைவிடக் குழப்பம். வகுப்பில் அவர்களே கிட்டார் தந்துவிடுகிறார்கள், அதனால் அண்ணனுடையதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை. மூன்று விரலை மூன்று கம்பியில் சேர்த்து அழுத்தி, இன்னொரு கையால் மொத்தக் கம்பிகளையும் ஒரு தடவு தடவினால் எல்லாம் ஒரே குரலாகக் கேட்கும். அதற்குக் கார்ட் என்று பெயர். எனக்கு இரண்டு கார்ட் வரும். அதாவது வகுப்பில் வரும். வீட்டுக்கு வந்து அண்ணனுடைய கிட்டாரில் அதே விரலை அதே இடத்தில் வைத்தால் தகர டப்பா மாடிப்படியில் உருளுகிறது.

உற்றுப் பார்த்தேன். வகுப்புக் கிட்டாரில் தடித்த கம்பி மேலே, மெல்லிசுக் கம்பி கீழே. இதில் தடித்தது கீழே இருக்கிறது. எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. கடையில் என் மெஷின்களில் ஒன்றுக்கு ஊசியில் நூலை இடமிருந்து வலமாகக் கோக்க வேண்டும், பக்கத்து மெஷினுக்கு வலமிருந்து இடமாக. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதற்காகப் பழைய மெஷினை யாரும் தப்பு சொல்வதில்லை. கிட்டாரும் அப்படித்தான் போல என்று எடுத்துக்கொண்டு, சத்தம் வராததற்கு என் விரலைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணனோ நான் அதை மடியில் வைத்ததுமே 'இல்ல'வை ஆரம்பித்துவிடுகிறார். காபிக்குச் சொல்கிற 'இல்ல' இல்லை இது. கழுத்து நரம்பு புடைக்கிறது. இடது கையால் மெத்தையைத் தட்டித் தட்டிச் சொல்கிறார். நேற்று கட்டிலிலேயே பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டிக் கிட்டாரின் கழுத்தைப் பிடித்து அந்தப் பக்கமாக ஒரு சுழற்று சுழற்றினார் பார், என் தாடையில் இடித்தது. இந்த மனிதரிடம் இவ்வளவு கோபத்தை நான் பார்த்ததே கிடையாது. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி, இடது கையில் ஸ்பூனைப் பிடித்து ஒரு சொட்டுச் சிந்தாமல் சூப்பைக் குடித்தார். ஆஸ்பத்திரியிலும் முதல் நாளே அப்படித்தான், நர்ஸ்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

விடவா, தொடரவா? என் இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது. துணியைத் தடவினால் பட்டு எது பாலியஸ்டர் எது என்று தெரியவில்லை. ஒரு வித்தை வருவதற்குள் இன்னொன்று போய்விடும் போலிருக்கிறது.

அண்ணி


ஜூலை 3

அண்ணி,

நடுவில் இருந்த கம்பி, மெஷின், நூல் கதையை அப்படியே தாண்டிவிட்டேன். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. அண்ணனைப் பற்றி எழுதியதை மட்டும் படித்தேன்.

ஒரு மனுஷனுக்கு மிச்சம் இருப்பது ஒரே சொல். அதைக் கழுத்து நரம்பு புடைக்கச் சொல்கிறான். நீங்கள் எதிரில் உட்கார்ந்து தகர டப்பா உருட்டுகிறீர்கள். அவன் வாசித்ததை நான் கேட்டிருக்கிறேன் அண்ணி. நான் அந்த வாசற்படியில் எத்தனை நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? நான்! அப்படி வாசித்தவன் காதில் போய் இதைப் போடுகிறீர்களே. நிறுத்துங்கள். உங்களுக்குப் பொழுதுபோக வேறு ஏதாவது பழகுங்கள்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். பயிற்சி வண்டிதான், பலகையைக் கழற்றிவிடுவேன். முன் சீட்டைச் சாய்த்தால் அவன் வசதியாகக் காலை நீட்டிக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் இதைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கோபம் உங்கள் மேலா, அவன் மேலா என்றுகூடத் தெரியவில்லை.

தாடை எப்படி இருக்கிறது?

குருவி


ஜூலை 12

அன்புள்ள குருவிக்கு,

தாடை சரியாகிவிட்டது. கிட்டாரையும் நிறுத்திவிட்டேன். ஆனால் கடைசியாக ஒன்று நடந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். தாண்டாமல் படி.

டீச்சர் சுருதி சேர்க்கச் சொல்லிக்கொடுத்தாள். கீழ்க் கம்பிதான் உச்சக் குரல், அது வரும்வரை முறுக்க வேண்டும் என்றாள். வீட்டில் வந்து முறுக்கினேன். வரவில்லை. இன்னும் முறுக்கினேன். டங்கென்று அறுந்து கையில் கோடு போட்டது. மறுநாள் கிட்டாரைப் பெட்டியோடு இசைக்கருவிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரோ விவரம் தெரியாம தலைகீழா கட்டியிருக்காங்கம்மா. எல்லாத்தையும் கழட்டிட்டு ஒழுங்கா மாட்டித் தரேன்." எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்! தப்பு என் விரலில் இல்லை!

வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து வாசித்தேன். இரண்டு கார்ட், மாறி மாறி. வகுப்பில் வருகிற மாதிரியே வந்தது. இந்த வீட்டில் முதல் தடவையாகப் பாட்டு மாதிரி ஒன்று கேட்டது. பெருமையாகத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன்.

அவர் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். 'இல்ல' என்று சொல்லவில்லை. அன்றையிலிருந்து காபிக்கும் சொல்லவில்லை, ஜன்னலுக்கும் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை குருவி. கன்னாபின்னா என்று வாசித்தபோது சண்டை போட்டார். சரியாக வாசித்ததும் சண்டையைக்கூட விட்டுவிட்டார். எந்தக் கணக்கிலும் இது வரவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்த மனிதரை எனக்குத் தெரியவே தெரியாதோ என்று பயமாக இருக்கிறது. வாசற்படியில் உட்கார்ந்த உனக்காவது ஏதோ தெரிந்திருக்கிறது.

பெட்டியை அலமாரி மேலேயே ஏற்றிவிட்டேன். நீ மூன்றாம் தேதி வா. அவர் சட்டைகளில் பட்டனையெல்லாம் எடுத்துவிட்டு, ஒட்டும் பட்டை வைத்துத் தைத்திருக்கிறேன், ஒரு கையாலேயே போட்டுக்கொள்ளலாம். அங்கே இருப்பவர்களிடம் அதைச் சொல். அவசரத்தில் இழுத்தால் கிழிந்துவிடும்.

அண்ணி


ஜூலை 19

அண்ணி,

கடைக்காரர் என்ன சொன்னார்? தலைகீழாகவா?

வகுப்பு முடிந்து வண்டிக்குள் உட்கார்ந்தே படித்தேன். அந்த வரியில் நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து உங்கள் பழைய கடிதத்தைத் தேடி எடுத்து, தாண்டிப்போன கம்பிக் கதையை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். நான் அன்றைக்கே படித்திருந்தால்... சரி, அதை விடுங்கள்.

அது தலைகீழ் இல்லை அண்ணி. அண்ணன் இடது கைக்காரன்.

உங்களுக்குத் தெரியாதா? எப்படித் தெரியாமல் இருக்கும் என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், யார் சொல்லியிருப்பார்கள்? சின்னதில் அவன் எதற்கும் இடது கையைத்தான் நீட்டுவானாம். அப்பாவுக்கு அது ஆகாது. அம்மா அந்தக் கையில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவார்களாம். பள்ளிக்கூடம் சேர்வதற்குள் வலது கைக்காரன் ஆகிவிட்டான். எழுத்து, சாப்பாடு, ஸ்க்ரூடிரைவர், எல்லாம் வலது. மாடி அறையில் மட்டும்தான் கம்பிகளை மாற்றிக் கட்டி, கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, இடது கையால் வாசித்தான். கதவைச் சாத்தியது அதற்குத்தான். எனக்கு அது ரகசியமாகவே தெரியவில்லை. நான் பார்த்த ஒரே கிட்டார்க்காரன் அவன்தான். எல்லோரும் அப்படித்தான் வாசிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் தாடையில் இடித்தானே, அது கோபம் இல்லை. சரியாகப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். என்னிடம் பழகுகிறவர்கள் தப்பான பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் நானும் எட்டி அப்படித்தான் திருப்புவேன். அதற்குப் போய் உங்களைத் திட்டி எழுதினேன்.

கடைசியில் பாருங்கள், மிச்சமிருந்த அந்த ஒன்றையும் அவனைக் கேட்காமலேயே வலது கைக்கு மாற்றி மாட்டியாகிவிட்டது. சுவரைப் பார்க்காமல் என்ன செய்வான்?

நானும் இப்போது சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே கூட்டிப்போனால் தேறுவானா, துணி சுற்றினதுபோல் ஆகிவிடுமா? மையத்திலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. வரட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். இந்தத் தடவை முழுசாகப் படிப்பேன்.

குருவி


ஜூலை 28

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யாருடைய சட்டையானாலும் சரி, கையில் எடுத்தால் முழங்கையும் பையோரமும் தேய்ந்திருப்பதை வைத்து ஆள் எந்தக் கைக்காரர் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இவர் சட்டைகளை எத்தனை வருஷம் பிரித்துத் தைத்திருக்கிறேன்! எல்லாம் வலது பக்கம்தான் தேயும். உங்கள் அம்மா வேலையை அவ்வளவு சுத்தமாக முடித்திருக்கிறார்கள். இந்த மனிதரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. கட்டிலருகில் போய், "ஏங்க, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். இடது கையால் என் விரல் காய்ப்பைத் தடவினார். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

திரும்பவும் கடைக்குப் போனேன். "நல்லாத்தானேம்மா மாட்டிக் கொடுத்தேன்?" என்றார் கடைக்காரர். "முன்ன இருந்த மாதிரி தலைகீழாவே கட்டிக் கொடுங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

இவரை நிமிர்த்தி உட்கார வைத்து மடியில் வைத்தேன், கிட்டாரின் கழுத்து இவருக்கு வலது பக்கம் போகிற மாதிரி. இடது கை தானாக வந்து கம்பி மேல் நின்றது. ஒரு தடவு தடவினார். வெறும் கம்பிச் சத்தம். பிறகு வலது கையைப் பார்த்தார். அது தொடை மேல் கிடந்தது. முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இவருக்கு வாசிக்கிற கை நல்ல கை. கம்பியை அழுத்துகிற கைதான் போய்விட்டது.

அழுத்துகிற வேலையைத்தானே நான் இத்தனை நாளாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்? இவருக்கு வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன். என் இடது கையை நீட்டினால் மணிக்கட்டு மடங்கவே மாட்டேன் என்கிறது. வலது கையால்தான் பிடிக்க வேண்டியிருந்தது. காய்த்த கை ஒன்று, வேலை வந்தது இன்னொன்றுக்கு! மறுபடி முதல் பாடம். தட்டுத்தடுமாறி மூன்று விரலையும் வைத்தேன்.

"இல்ல" என்றார்.

குருவி, அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! ஒரு விரலை நகர்த்தினேன். "இல்ல." இன்னொன்றை நகர்த்தினேன். "இல்ல." மூன்றாவதை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இடது கை இறங்கியது. எல்லாக் கம்பியும் ஒரே குரலாகக் கேட்டது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் தேறிவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் இவர் பெருமூச்சே விட்டுவிடுகிறார். பிசியோ பெண் வந்தபோது கண்ணை மூடவில்லை. முதுகுக்குத் தலையணை இல்லாமல் உட்கார்ந்திருப்பதை அவள்தான் காட்டினாள். எனக்கு அதைக் கவனிக்க எங்கே நேரம்?

நேற்று கிட்டார் மடியில் இருக்கும்போதே மறுபடி கேட்டேன். "குருவி ஊருக்குப் போறீங்களா?" வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையைக் கம்பிகள் மேல் அழுத்தி வைத்துக்கொண்டார், சின்னச் சத்தம்கூட வராமல். "அப்ப இங்கயே இருக்கீங்களா?" கட்டைவிரலால் ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். அது ஆமாம்தானா, இல்லை எனக்குத்தான் அப்படிப் பட்டதா என்று சத்தியமாகத் தெரியவில்லை. நான் வேண்டுகிற பதிலாக இருப்பதால் என்னை நானே நம்பவில்லை. அதனால் வேறு ஒன்று கேட்டுப் பார்த்தேன். "குருவியை இங்க வரச் சொல்லட்டுமா?"

தோளிலிருந்து கையை ஓங்கி மொத்தக் கம்பிகளையும் ஒரு இழு இழுத்தார். நான் விரலை வைக்க மறந்துவிட்டேன். வெறும் கம்பி, காது கூசுகிற சத்தம், சரிந்து விழுந்த பாத்திரக்கடை மாதிரி. பக்கத்து வீட்டுக் கதவுகூடத் திறந்தது. இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

அதனால் மூன்றாம் தேதி வா. வண்டிப் பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. என் வலது கை சீக்கிரம் மரத்துப்போகிறது, மாற்றி உட்கார ஒரு ஆள் வேண்டும். நீ விரலை எங்கே நிறுத்தினாலும் இவர் 'இல்ல' சொல்லிச் சொல்லிச் சரி பண்ணிவிடுவார். வந்ததும் பழக்கதோஷத்தில் வாசற்படியில் உட்கார்ந்துவிடாதே. கொக்கி இன்னும் மாட்டவில்லை. தள்ளினால் திறக்கும். உள்ளே வந்துவிடு.

அண்ணி